பிறர் கட்டிய ஊரில் தம் கதை: எஸ்தோனியாவின் தொன்மங்களும் வரலாறும்

தாலின் நகரின் பழைய பகுதிக்குள் நுழையும் பயணிக்கு முதலில் காட்டப்படும் பெரிய கட்டடங்களில், எஸ்தோனியர் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது ஏறத்தாழ ஒன்றுமில்லை. குன்றின் மேலுள்ள கோட்டையைத் தொடங்கிவைத்தவர்கள் டென்மார்க் படையினர். 1404இல் கட்டி முடிக்கப்பட்ட நகரமன்றம் ஜெர்மன் வணிகர்களுடையது. தோம்பெயா குன்றின் உச்சியில் நிற்கும் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி பேராலயம் ரஷ்யப் பேரரசு 1900இல் முடித்த வேலை. அதற்கு எதிரில், இன்று நாடாளுமன்றம் கூடும் மாளிகையின் இளஞ்சிவப்பு முகப்பும் ரஷ்ய ஆட்சிக் காலத்தில் எழுந்ததுதான். கல் சுமந்த தோள்களில் எஸ்தோனியத் தோள்கள் நிறைய இருந்திருக்கும். கட்டச் சொன்ன வாய்தான் எப்போதும் வேறாக இருந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் 1918 வரை எஸ்தோனியாவின் கதை இதுதான். டென்மார்க், ஜெர்மன் வீரத்துறவியர் அமைப்பு, சுவீடன், ரஷ்யா என்று மேலே ஆட்சி மாறிக்கொண்டிருந்தாலும் கீழே நிலம் ஜெர்மன் பிரபுக்களிடமே இருந்தது. நிலத்தோடு பிணைக்கப்பட்ட பண்ணையடிமை முறை வடக்கில் 1816இலும் தெற்கில் 1819இலும்தான் ஒழிந்தது. 1918இல் விடுதலை, 1940இல் சோவியத் ஆக்கிரமிப்பு, 1991இல் மறுபடி விடுதலை. பதின்மூன்று லட்சத்துக்குச் சற்றே கூடுதலான மக்களைக் கொண்ட இந்த நாட்டைப் பற்றிய எந்தக் கையேடும் இந்த ஆண்டுகளை ஒரே பக்கத்தில் தந்துவிடும். அவற்றை மனப்பாடம் செய்வதைவிட, கல்லெல்லாம் பிறருடையதாக இருக்கும் ஊரை ஒரு மக்கள் எப்படித் தம்முடையதாக்கிக்கொண்டார்கள் என்று கேட்பதுதான் பயனுள்ள வழி. என் கணிப்பில் அதற்கு அவர்களிடம் இருந்த ஒரே கருவி கதை. அந்தக் கதைகளில் பல, நாம் நினைக்குமளவு பழையவை அல்ல.

தோம்பெயாவையே எடுத்துக்கொள்வோம். அந்தக் குன்று கலெவ் என்னும் பேரரசனின் சமாதி என்பது கதை. அவன் மனைவி லிண்டா தன் முன்றானையில் பாறைகளைச் சுமந்து வந்து அதை எழுப்பினாள். கடைசிப் பாறை கை நழுவி விழ, அதன் மேல் உட்கார்ந்து அவள் அழுத கண்ணீர் ஊலெமிஸ்தே ஏரியானது. தாலினின் குடிநீர் இன்றும் பெரும்பாலும் அந்த ஏரியிலிருந்துதான் வருகிறது. கேட்டவுடன் ஆயிரம் ஆண்டுப் பழமை இருக்கும்போல் தோன்றும். டென்மார்க்காரர் கோட்டைக்கும் ரஷ்யக் கோபுரங்களுக்கும் அடியில், அவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டு, ஓர் எஸ்தோனியக் கல்லறை இருக்கிறது என்று சொல்லாமல் சொல்கிறது கதை. குன்றின் சரிவில் லிண்டாவின் வெண்கலச் சிலை இருக்கிறது. ஆகுஸ்ட் வெய்சன்பெர்க் வடித்தது. சோவியத் ஆட்சியில் 1941இலும் 1949இலும் பல்லாயிரம் பேர் சைபீரியப் பக்கம் நாடுகடத்தப்பட்டார்கள். திரும்பாதவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பகிரங்கமாகத் துக்கம் காக்க அனுமதியும் இல்லை. அவர்களுடைய வீட்டார் இந்தச் சிலையடியில் மலர் வைத்துவிட்டுப் போனார்கள். கணவனை இழந்து அழும் ஒரு கதைமாந்தர் முன்னால் பூ வைப்பதை எந்தக் குற்றப்பிரிவில் சேர்ப்பது?

அதே குன்றின் இன்னொரு பக்கத்தில் டென்மார்க் அரசனின் தோட்டம். 1219 ஜூன் 15 அன்று எஸ்தோனியரோடு நடந்த போரில் இரண்டாம் வால்டெமாரின் படை பின்வாங்கியபோது, வெள்ளைச் சிலுவை பொறித்த சிவப்புக் கொடி வானிலிருந்து விழுந்ததாம்; டென்மார்க்கின் தேசியக் கொடி அதுதான் என்கிறார்கள். இந்தக் கதைக்கான எழுத்துச் சான்று பதினாறாம் நூற்றாண்டிலிருந்துதான் கிடைக்கிறது. வென்றவனின் கொடி பிறந்த கதையைத் தோற்றவனின் பேரப்பிள்ளைகள் நகைச்சுவையோடு சொல்லிக் காட்டுவது தாலின் வழிகாட்டிகளிடம் எனக்குப் பிடித்த குணம்.

லிண்டா கதைக்கு இன்றுள்ள வடிவத்தைத் தந்தது ‘கலெவிபோயெக்’ காவியம். தார்த்து நகரில் 1838இல் கற்றோர் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் தூண்களில் ஒருவரான மருத்துவர் பேல்மன், கலெவின் மகன் கலெவிபோயெக்கைப் பற்றிய கதைகளைக் கோத்து ஒரு காவியமாக்கத் திட்டமிட்டார், 1850இல் இறந்துபோனார். பணி அவருடைய நண்பர் பிரீட்ரிக் கிரோய்ட்ஸ்வால்டின் கைக்கு வந்தது. அவர் பண்ணையடிமைப் பெற்றோரின் மகன். வோரு என்னும் சிற்றூரில் மருத்துவர். முதல் வடிவம் தணிக்கையில் சிக்கியது. பிறகு 1857 முதல் 1861 வரை, ஜெர்மன் மொழிபெயர்ப்போடு சேர்த்து, ஆய்வு வெளியீடு என்ற பெயரில் பகுதி பகுதியாக வந்தது. சாதாரண வாசகருக்கான பதிப்பு 1862இல் பின்லாந்தின் குவோப்பியோவில் அச்சானது.

இருபது பாடல்கள், ஏறத்தாழ 19,000 அடிகள். அவற்றுள் மக்கள் வாயிலிருந்து நேரே வந்தவை சுமார் எட்டில் ஒரு பங்குதான் என்பது ஆய்வாளர் கணக்கு. மற்றவை நாட்டார் பாடலின் யாப்பில் கிரோய்ட்ஸ்வால்ட் இயற்றியவை. கிராமங்களில் வழங்கிய கலெவிபோயெக் அரசனே அல்ல. கல்லெறிந்து திரியும் முரட்டுப் பூதம். அந்தப் பூதத்துக்கு முடிசூட்டியவர் வோரு மருத்துவர். பேல்மன் இதில் இன்னும் துணிச்சல்காரர். கோடை நடுவில் சூரிய விளக்கைக் கைமாற்றும்போது மட்டும் சந்தித்து முத்தமிட்டுக்கொள்ளும் விடியலும் அந்தியும் என்ற காதலர் கதையை அவர் 1844இல் வெளியிட்டார். எஸ்தோனியக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த அந்தப் ‘பழங்கதை’ பெரிதும் அவருடைய கற்பனையே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

இதைப் போலி என்று ஒதுக்கிவிடலாமா? என்னால் முடியவில்லை. அண்டை நாடான பின்லாந்தின் ‘கலேவலா’ உதயணனின் மொழிபெயர்ப்பில் 1994இலேயே தமிழுக்கு வந்துவிட்டது. அதையும் லோன்ரோத் என்ற மருத்துவர்தான் தொகுத்துக் கோத்தார். ஆனால் கலேவலாவின் அடிகளில் மிகப் பெரும்பான்மை மக்கள் பாடியவை. அந்த அளவுகோலை வைத்தால் எஸ்தோனியக் காவியம் தோற்கும். நாயகனின் தன்மையைப் பார்த்தால் எனக்கு இதுதான் ஒரு படி மேல். கலெவிபோயெக் குடித்துவிட்டு, தனக்கு வாள் வடித்துத் தந்த கொல்லனின் மூத்த மகனையே வெட்டுகிறான். கொல்லன் வாளைச் சபிக்கிறான். பின்னாளில் ஒரு மந்திரவாதி அந்த வாளைத் திருட, அது கேப்பா ஆற்றில் விழுகிறது. ‘உன்னை முன்பு சுமந்தவன் இங்கே கால் வைத்தால் அவன் காலை வெட்டு’ என்று திருடனை நினைத்து வாளுக்கு ஆணையிட்டுவிட்டுப் போகிறான் கலெவிபோயெக். காலம் கழித்து அந்த ஆற்றில் இறங்குகிறவன் அவனேதான். செத்த பிறகு அவனுக்குக் கிடைத்த வேலை நரகவாசலில் காவல். கை பாறையில் சிக்கியிருக்கிறது. ஒருநாள் விடுபட்டுவந்து தன் மக்களை வாழவைப்பான் என்று காவியம் முடிகிறது. அடிமைத்தளை அறுந்து அரை நூற்றாண்டுகூட ஆகாத மக்களுக்கு, தவறே செய்யாத நாயகனைக் கிரோய்ட்ஸ்வால்ட் எழுதித் தரவில்லை.

காவியத்தைப் படிக்காதவரும் இந்த நாயகனைத் தவிர்க்க முடியாது. நாடு முழுக்க வயல் நடுவிலும் கடலோரத்திலும் கிடக்கும் பிரம்மாண்டமான உருண்டைப் பாறைகள் அவன் எறிந்தவை. கிழக்கில் தார்த்துவுக்கு வடக்கே நீளவாக்கில் கிடக்கும் மேடுகளும் அவற்றிடையே உள்ள ஏரிகளும் அவன் உழுத சால்கள். பழைய மண்கோட்டை மேடுகள் அவனுடைய படுக்கைகள். மண்கோட்டைகளை விட்டால் மற்றவற்றுக்கெல்லாம் புவியியலில் ஒரே பதில்தான்: பின்லாந்துப் பக்கமிருந்து நகர்ந்து வந்த பனிப்படலம் பாறைகளைச் சுமந்து வந்து போட்டது, நிலத்தையும் அது போன திசையிலேயே செதுக்கியது. நாட்டின் மிக உயரமான குன்றே 318 மீட்டர்தான். அப்படிப்பட்ட சமவெளியில் ஒற்றைப் பாறை கிடந்தால் கண்ணில் படாமலா போகும்? கதை கேட்கும் பாறைகள் அவை.

சாரெமா தீவுக்குத் தனி பூதம். சூர் தெல் என்று பெயர், முட்டைக்கோஸ் பிரியன். போர் வந்தால் கல்லறையிலிருந்து எழுந்து வருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். சிறுவர்கள் விளையாட்டுக்கு ‘போர் வந்துவிட்டது’ என்று கூவ, எழுந்து பார்த்தவன் கோபித்துக்கொண்டு திரும்பப் படுத்துவிட்டான். பிறகு எந்தப் போருக்கும் வரவில்லை. அதே தீவில் காலி என்னும் இடத்தில், விண்கல் விழுந்து உண்டான 110 மீட்டர் அகலமுள்ள வட்டக் குளம் இருக்கிறது. விர்ரு நாட்டு மலையொன்றில் பிறந்த தாராபித்தா என்ற தெய்வம் அங்கிருந்து சாரெமாவுக்குப் பறந்து போனதாக பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாதிரியார் ஹென்றியின் வரலாற்றேடு சொல்கிறது. பின்னாளில் குடியரசுத் தலைவரான எழுத்தாளர் லென்னார்த் மெரி, 1976இல் வந்த தம் நூலில் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டார். நிரூபிக்க முடியாத வாதம்; படிக்க அலுக்காதது.

தொன்மங்களின் நம்பகமான வீடு காவியத்தில் இல்லை, தார்த்துவின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. யாகோப் ஹூர்ட் என்ற லூத்தரன் போதகர் 1888இல் பத்திரிகைகளில் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: உங்கள் ஊர்ப் பாடல், கதை, பழமொழி, விடுகதை, நம்பிக்கை, எதுவானாலும் எழுதி அனுப்புங்கள். அப்போது அவர் பீட்டர்ஸ்பர்கில் இருந்தார். பைபிள் படிக்கத் தெரிய வேண்டும் என்ற லூத்தரன் திருச்சபையின் வற்புறுத்தலால் எஸ்தோனியக் குடியானவரிடையே படிப்பறிவு ரஷ்யப் பேரரசிலேயே மிக உயர்ந்திருந்தது. ஆகவே வேண்டுகோள் வீண் போகவில்லை. பள்ளி ஆசிரியர், விவசாயி, கைவினைஞர் என்று சுமார் 1,400 பேர் எழுதினார்கள்; சேர்ந்தவை ஒரு லட்சம் பக்கங்களுக்கு மேல். வந்தவை பற்றி ஹூர்ட் அதே பத்திரிகைகளில் தொடர்ந்து அறிக்கை வெளியிட்டார். தன் ஊர்ப் பெயரை அச்சில் பார்த்தவன் அடுத்த கட்டை அனுப்பாமல் இருப்பானா! கிரோய்ட்ஸ்வால்ட் மக்களுக்காக எழுதினார், ஹூர்ட் மக்களையே எழுதவைத்தார். இரண்டாவதன் பலன் ஆழமானது என்பது என் எண்ணம்.

ஹூர்ட் நினைவாக 1909இல் தொடங்கிய தேசிய அருங்காட்சியகத்துக்கு 2016இல் தார்த்துவின் ராடியில் புதுக் கட்டடம் எழுந்தது. ராடி முதலில் ஒரு ஜெர்மன் பிரபுவின் பண்ணை. அந்த மாளிகையில்தான் அருங்காட்சியகம் முன்பு இயங்கியது; இரண்டாம் உலகப்போரில் மாளிகை அழிந்தது. பிறகு அந்த நிலம் சோவியத் போர்விமானத் தளமாகியது. புதுக் கட்டடத்தின் நீண்ட கூரை பழைய ஓடுபாதையின் தொடர்ச்சியாகவே மேலெழுகிறது. இரண்டு நாள் மட்டும் கையில் உள்ளவருக்கு ஒரு நாளைத் தார்த்துவுக்குக் கொடுக்கும்படி சொல்வேன். இடைக்கால உடை அணிந்து தேன்மது பரிமாறும் தாலின் உணவகங்கள் ஒரு வேளைக்கு மேல் தாங்காது.

பாட்டைப் பற்றிச் சொல்லாமல் தீராது. 1869இல் தார்த்துவில் முதல் பாட்டு விழாவை யான்சென் என்ற பத்திரிகையாசிரியர் நடத்தினார். தென்பகுதியில் அடிமைமுறை ஒழிந்து ஐம்பதாண்டு ஆனதைக் காரணம் காட்டி அனுமதி வாங்கினார்கள். பாடியவர் அனைவரும் ஆண்கள். எஸ்தோனியர் இசையமைத்தவை இரண்டே பாடல்கள். அவற்றின் வரிகள் யான்செனின் மகள் லிதியா கொய்துலாவுடையவை. மேடையில் இடம் கிடைக்காத பெண்ணின் சொற்கள்தான் அங்கே சொந்தக் குரலாக ஒலித்தன. அந்த இரண்டில் ஒன்றின் வரிகளுக்கு எர்னெசாக்ஸ் புதிதாக அமைத்த இசை 1947 விழாவில் அரங்கேறிப் பின் சில காலம் தடைபட்டது. 1960இல் அனுமதியில்லாமலேயே கூட்டம் அதைப் பாடியது. 1988 செப்டம்பரில் தாலின் பாட்டுத்திடலில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள். 1989 ஆகஸ்ட் 23இல் தாலின் முதல் வில்னியூஸ் வரை மூன்று பால்டிக் நாடுகளின் மக்கள் கைகோத்து நின்றார்கள். ஆனால் ‘பாடியே விடுதலை பெற்ற நாடு’ என்ற சுற்றுலா வாசகத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 1988 நவம்பரின் இறையாண்மைப் பிரகடனம், ஊர் ஊராகக் குடிமக்களைப் பதிவு செய்த குழுக்கள், 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் தோற்ற ஆட்சிக்கவிழ்ப்பு, இத்தனையும் பாட்டுக்குப் பின்னால் இருந்தன.

பழமையைக் கிண்டல் செய்யவும் இவர்களுக்குத் தெரியும். ஆந்த்ருஸ் கிவிராக்கின் நாவல்களில் பழங்கால எஸ்தோனியன் வீரனல்ல. திருட்டும் பேராசையும் தந்திரமுமாக வாழ்கிறவன். அவனுடைய பண்ணையாள் ‘கிராட்’: பழைய கருவிகளையும் வைக்கோலையும் கட்டிச் செய்த பொம்மை. சாத்தானுக்கு மூன்று சொட்டு இரத்தம் தந்தால் உயிர் வரும். ஓயாமல் வேலை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எசமானனையே கொல்லும். ரொட்டியால் ஏணி செய் என்பது போல முடியாத வேலை ஒன்றைக் கொடுத்து ஒழித்துக்கட்டுவார்கள். செயற்கை நுண்ணறிவுக்கான அரசுத் திட்டத்துக்கு 2019இல் எஸ்தோனியா வைத்த பெயர் இந்தக் கிராட்தான்.

தென்கிழக்கு மூலையில் வாழும் செதோ மக்கள் வேறு மரபினர். ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர், பெண்கள் கூடிப் பாடும் அவர்களுடைய லெலோ பாட்டு 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாடகி அன்னே வபர்னா 1927இல் அவர்களுடைய பயிர்த்தெய்வம் பெக்கோவைப் பற்றி ஒரு காவியத்தையே பாடித் தந்தார். பெக்கோதான் அவர்களின் அரசன். அவன் பெச்சோரி மடத்துக் குகையில் உறங்குகிறான். பெச்சோரியோ இன்று ரஷ்யாவில். எனவே 1994 முதல் ஒவ்வொரு கோடையிலும் ஒருநாள் கூடி அரசனின் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்குச்சீட்டு இல்லை, போட்டியிடுபவர் நிற்க, ஆதரிப்பவர் அவருக்குப் பின்னால் வரிசை கட்டுகிறார்கள். யாருடைய வரிசை நீளமோ அவருக்கு ஓராண்டுப் பதவி. அன்று அங்கே போக வாய்ப்புள்ளவர்கள் தாலின் கோபுரங்களை மறுநாளுக்குத் தள்ளிவைக்கலாம்.