கறுப்பைப் பார்க்கப் பழகுங்கள்

ஜப்பானிய மொழியில் ‘குரோ’ என்றால் கறுப்பு. பயனியர் நிறுவனம் 2007-ல் தன் பிளாஸ்மா டிவிகளுக்கு அந்தப் பெயரை வைத்தது. எல்லோரும் வெளிச்சத்தையும் வண்ணத்தையும் சொல்லி விற்கும் தொழிலில் ஒரு பொருளுக்குக் கறுப்பு என்று பெயர் வைக்கத் தனித் துணிச்சல் வேண்டும். வியாபாரம் கைகொடுக்கவில்லை. 2009-ல் டிவி தொழிலை விட்டே விலகப்போவதாக பயனியர் அறிவித்துவிட்டது. ஆனால் படத்தை ஊன்றிப் பார்க்கிறவர்கள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், புதிதாக வந்த டிவிகளை குரோவோடு ஒப்பிட்டுத்தான் எடைபோட்டார்கள்.

அவர்கள் ஏன் கறுப்பைப் பார்த்தார்கள் என்பதற்கு நம் வாசலிலேயே விடை இருக்கிறது. சாணம் தெளித்து மெழுகிய தரையில் போட்ட கோலம் பளிச்சென்று எடுப்பாகத் தெரியும். அதே கை, அதே மாவு, வெளிறிய சிமென்ட் தரையில் போட்டால் மங்கிப்போகும். கோலத்தின் வெண்மை பாதி மாவில் இருக்கிறது, பாதி தரையில் இருக்கிறது. டிவியிலும் அப்படித்தான். தரை சாம்பல் பூத்திருந்தால் அதன்மேல் வரும் சிவப்பும் மஞ்சளும் முகமும் எல்லாமே வெளிறித் தெரியும்.

சாதாரண எல்இடி டிவியில் திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகங்கள் ஜன்னல் கதவுகளைப் போலத் திறந்து மூடி அந்த ஒளியை விடும், தடுக்கும். அந்தக் கதவுகள் முழுக்க மூடுவதில்லை. இடுக்கு வழியாக ஒளி கசிகிறது. அதனால்தான் நடுநிசி வானம் சாம்பலாகத் தெரிகிறது.

ஓஎல்இடி டிவியில் பின்விளக்கே கிடையாது. 4கே திரையில் இருக்கும் சுமார் 83 லட்சம் புள்ளிகளும் தாமே ஒளிர்கின்றன, வேண்டாதபோது தாமே அணைந்துவிடுகின்றன. அணைந்த புள்ளி அறையின் இருட்டோடு ஒன்றிப்போகும். மின்சாரம் பட்டால் ஒளிரும் கரிமச் சேர்மப் படலங்களை வைத்து நடைமுறைக்கு உதவும் ஒளியை எடுக்க முடியும் என்று கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987-ல் காட்டினார்கள். அது விற்பனைக்கு வரும் டிவியாக 20 ஆண்டு பிடித்தது. சோனி 2007-ல் கொண்டுவந்த அந்த முதல் ஓஎல்இடி டிவியின் திரை வெறும் 11 அங்குலம்.

ஓஎல்இடியின் எதிராளி மினி எல்இடி. இது பழைய முறைதான். ஆனால் பின்னால் ஆயிரக்கணக்கான பொடி விளக்குகளைப் பதித்து, பகுதி பகுதியாகப் பிரித்து, இருட்டு வரும் இடத்தில் அந்தப் பகுதியை மட்டும் அணைக்கிறார்கள். நல்ல யோசனைதான், ஒரு கணக்கு மட்டும் உதைக்கிறது. ஆயிரம் பகுதி இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பகுதிக்குள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் வருகின்றன. கறுத்த வானத்தில் நிலா வந்தால் அந்தப் பகுதி முழுவதும் எரிந்தாக வேண்டும். மழைக்கு முன் நிலாவைச் சுற்றி வட்டம் கட்டுமே, அதுபோல டிவியிலும் கட்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, இருண்ட காட்சியில் வெள்ளை எழுத்தில் வரும் சப்டைட்டில். எழுத்தைச் சுற்றிப் புகைபோல ஒளி பரவுகிறதா என்று பாருங்கள். நேரே நின்று மட்டும் பார்க்காமல், பக்கவாட்டில் இரண்டு அடி நகர்ந்தும் பாருங்கள். ஹாலில் எல்லோரும் டிவிக்கு நேர் எதிரே உட்காருவதில்லை.

நான் சோதிக்க எடுத்துக்கொள்ளும் படம் ‘கைதி’. லோகேஷ் கனகராஜ் இயக்கி 2019-ல் வந்த அந்தப் படத்தின் கதை ஏறக்குறைய ஒரே இரவில் நடந்து முடிகிறது. ஒளிப்பதிவு சத்யன் சூரியன். லாரியின் ஹெட்லைட், சாலையோர விளக்கு, எங்கோ எரியும் நெருப்பு என்று இருக்கிற கொஞ்சம் ஒளியில் மனிதர்கள் வந்துபோகிறார்கள். ஹெட்லைட் கண்ணைக் கூசவைக்கிற அதே நொடியில் அதற்குப் பக்கத்து இருட்டு இருட்டாகவே நிற்கிறதா? அது முதல் கேள்வி. அந்த இருட்டுக்குள் சட்டை மடிப்பும் மரக்கிளையும் தாடியும் தனித்தனியாகத் தெரிகின்றனவா, எல்லாம் சேர்ந்து ஒரே மைக்கறையாகிவிட்டதா? இது இரண்டாவது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கடினமான பரீட்சை. கறுப்பை ஆழமாகக் காட்டிவிட்டு, அதற்குள் இருப்பதையெல்லாம் விழுங்கிவிடும் டிவிகள் உண்டு.

அதே 2019-ல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் இரவுப் போர் அத்தியாயம் வந்தபோது, ஒன்றுமே தெரியவில்லை என்று உலகம் முழுக்கப் பார்வையாளர்கள் கொதித்தார்கள். பலர் தங்கள் டிவியைச் சரியாக அமைத்து வைக்கவில்லை, அதுவும் ஒரு காரணம் என்று அதன் ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் பதில் சொன்னார். இணையம் வழியே வரும்போது படம் சுருக்கப்படுவதில் முதலில் அடிபடுவதும் இருண்ட இடங்கள்தான். எனவே இணைய வேகம் குறைந்திருக்கும் நேரத்தில் இருட்டுக்குள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் டிவியைக் குறை சொல்லக் கூடாது.

கறுப்புக்கு அடுத்தபடி முகம். இதில் நமக்கு நேரடியான அக்கறை இருக்கிறது. மாநிறத்திலும் கறுப்பிலும் எத்தனையோ சாயல்கள் கொண்டவர்கள் நாம். கடையில் டிவி ஓடுவது பெரும்பாலும் ‘விவிட்’ என்ற அமைப்பில். அதில் வெள்ளை எல்லாம் நீலம் பூத்துவிடும். வேட்டி சொட்டுநீலத்தில் முக்கியதுபோல் பளபளக்கும், வாங்குகிறவருக்கு அது பிடித்தும் போகும். ஆனால் அந்த நீலம் முகத்திலும் ஏறுகிறது. நெற்றியில் இருக்கும் தாமிர மினுக்கு செத்துப்போய், முகம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். படத்தை எடுக்கிறவர்கள் ஸ்டூடியோவில் வெள்ளைக்கு ஒரே அளவை வைத்துக்கொள்கிறார்கள்: சுமார் 6,500 கெல்வின், அதாவது நடுப்பகல் வெளிச்சத்தை ஒட்டிய வெண்மை. வீட்டு டிவியில் அதற்கு நெருங்கி வருவது ‘வார்ம்’ என்று இருக்கும் அமைப்பு. மாற்றியவுடன் எல்லாம் மஞ்சளடித்துத் தெரியும், உடனே பழையபடி திருப்பத் தோன்றும். ஒரு வாரம் பொறுங்கள். அதற்குப் பிறகு விவிடுக்குத் திரும்பிப் பார்த்தால் உங்களுக்கே பொறுக்காது.

வண்ணத்தைச் சோதிக்க, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த நிறத்தை வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஓடும் விளம்பரப் படத்தில் எந்த நாட்டுப் பறவையோ பறக்கிறது. அதன் இறகு உண்மையில் என்ன நிறம் என்று நமக்கு எப்படித் தெரியும்? வாழையிலை தெரியும். குருத்தின் பச்சை வேறு, முற்றிய இலையின் பச்சை வேறு. பட்டுப்புடவை தெரியும். அரக்குக்கும் குங்குமச் சிவப்புக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாதவர்கள் நம் வீடுகளில் குறைவு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரிலேயே ஒரு நீலம் இருக்கிறது. இந்த நிறங்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரித்துக் காட்டுகிறதா என்று பாருங்கள். நிறம் ‘தூக்கலாக’ இருப்பது சிறப்பு இல்லை. கிரிக்கெட் மைதானத்துப் புல் பெயின்ட் அடித்ததுபோல் தெரிந்தால் அது குறைதான். இந்த விஷயத்தில் இப்போதைய உயர்ரக டிவிகள் பெரிதாக முன்னேறியிருக்கின்றன. க்யூடி என்ற எழுத்துகளோடு விற்கும் டிவிகளில் இருப்பது குவான்டம் புள்ளிகள். அளவுக்கு ஏற்றபடி தூய நிறத்தில் ஒளிரும் நுண்துகள்கள். அவற்றைக் கண்டறிந்து உருவாக்கியதற்காகத்தான் 2023-ல் பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

இனி அசைவு. பெரிய விலை கொடுத்து வாங்கிய டிவியில் பழைய படம் ஒன்றைப் போட்டால், என்னமோ மெகா சீரியல் மாதிரி இருக்கிறதே என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கண் பொய் சொல்லவில்லை. சினிமா நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. டிவி அந்த 24-க்கு நடுவே தானாகவே புதுப் படங்களைக் கற்பித்துச் செருகி வழுவழுப்பாக்குகிறது. நம் தொலைக்காட்சி ஒளிபரப்பில் நொடிக்கு 50 தடவை அசைவு பதிவாகும், அந்த வழுவழுப்போடு பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதுவும் சீரியலாகத்தான் படும். ‘நாயகன்’ படத்தில் பி.சி. ஸ்ரீராம் ஒளியைக் குறைத்துக் குறைத்துக் கட்டிய காட்சிகளின் கனம் இதில் கரைந்துபோவதைப் பார்க்க மனம் வலிக்கிறது. 2018 டிசம்பரில் டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் சேர்ந்து, தயவுசெய்து இந்த வசதியை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று வீடியோவில் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற அமைப்பு அறிவிக்கப்பட்டது. அதைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் செருகல் நின்றுவிடும், வண்ணமும் ஒழுங்குக்கு வரும். உங்கள் டிவியில் அது இருந்தால் சினிமாவுக்கு அதையே வையுங்கள்.

இதில் ஓஎல்இடிக்கு ஒரு குறையும் உண்டு. அதன் புள்ளிகள் மாறும் வேகம் அதிகம் என்பதால், கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் படம் விட்டுவிட்டு நகர்வதுபோல் உறுத்தும். மற்ற டிவிகளின் மந்தம் அதை மறைத்துவிடுகிறது. அப்படி உறுத்தினால் அசைவு அமைப்பை மிகக் குறைந்த அளவில் மட்டும் வைக்கலாம். கிரிக்கெட்டுக்கோ தாராளமாகக் கூட்டிக்கொள்ளலாம். கிரிக்கெட் இன்னொன்றுக்கும் உதவும். பந்து எல்லையை நோக்கி ஓட, கேமரா பச்சைப் பரப்பின் மேல் வேகமாகத் திரும்பும்போது, திரையில் அழுக்குத் துணியால் துடைத்ததுபோல் திட்டுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒளி சீராகப் பரவாத திரையை இதைவிடச் சீக்கிரம் காட்டிக்கொடுப்பது வேறு எதுவும் இல்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, அப்படியானால் எல்லோரும் ஓஎல்இடிதான் வாங்க வேண்டுமா என்று கேட்பீர்கள். சென்ற ஆண்டு நண்பர் ஒருவருக்குத் துணையாகக் கடைக்குப் போனேன். ஒரே அளவில் ஒரு ஓஎல்இடியும் ஒரு மினி எல்இடியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கடைப் பையனிடம் கேட்டு இரண்டையும் விவிடிலிருந்து மாற்றி, நான் கொண்டுபோன பென்டிரைவில் இருந்த இரவுக் காட்சியைப் போட்டுப் பார்த்தோம். ஓஎல்இடி எங்கேயோ நின்றது. நண்பர் அதையே எடுக்கிறேன் என்றார். நான்தான் தடுத்தேன். அவர் வீட்டு ஹால் கிழக்குப் பார்த்தது, திரைச்சீலை போடாத இரண்டு பெரிய ஜன்னல்கள். அவருடைய அப்பா காலை ஆறு மணிக்குச் செய்திச் சேனலைப் போட்டால் இரவு பத்துக்குத்தான் அணைப்பார். ஓடும் செய்திப் பட்டையும் மூலையில் அசையாத சின்னமும் நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் ஓஎல்இடியின் புள்ளிகள் அங்கே சீக்கிரம் தேய்ந்து நிழல்போலத் தங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. திரை முழுதும் வெளிச்சமான காட்சியில் மினி எல்இடி கொடுக்கும் பிரகாசமும் அதிகம்; பகல் வெளிச்சத்தை எதிர்த்து நிற்க அது வேண்டும். க்யூடி ஓஎல்இடி வகையிலோ, வெளிச்சமான அறையில் கறுப்பே லேசாக ஊதா கலந்த சாம்பலாகிவிடும். நண்பர் மினி எல்இடி வாங்கினார். அந்த வீட்டுக்கு அதுதான் சரி.

இரவில் விளக்கணைத்துப் படம் பார்க்கிற வீடு என்றால் யோசிக்காமல் ஓஎல்இடி. இதுவே என் தீர்ப்பு. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே வீச்சு அதிகமுள்ள எச்டிஆர் முறையில் வந்த படம் ஒன்றை அதில் போட்டு, குத்துவிளக்குச் சுடரைப் பாருங்கள். திரையின் ஒளிர்வை நிட் என்ற அலகில் அளப்பார்கள்; பழைய முறையில் வெள்ளைக்கு வரையறுத்த அளவு 100 நிட். எச்டிஆரில் 1,000 நிட், அதற்கு மேலும் வைத்துப் படத்தைத் தயாரிக்கிறார்கள். சுற்றிலும் இருட்டு முழுதாக இருக்க, நடுவில் சுடர் மட்டும் ஒளிரும்போது பக்கத்தில் போய்க் கை காட்டினால் சூடு தெரியும் போலிருக்கும்.

8கே டிவிக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அதில் போட்டுப் பார்க்கப் படங்கள் அநேகமாக இல்லை. அந்தப் பணத்தை ஒலிக்குச் செலவிடுங்கள், மெல்லிய டிவிகளின் ஸ்பீக்கர் போதாது. உட்காரும் தூரம் 65 அங்குல டிவிக்கு ஆறரை அடியிலிருந்து ஒன்பது அடிக்குள் இருக்கட்டும். சுவரில் ஆணியடிக்கும்போது ஆள் உயரத்துக்கு ஏற்றிவிடாதீர்கள். உட்கார்ந்திருப்பவரின் கண், திரையின் நடுவுக்குச் சற்று கீழே வந்தால் போதும்.

டிவி வந்து மாட்டிய அன்று இரவே ரிமோட்டை எடுத்து விவிடை மாற்றுங்கள். ஹால் விளக்கை அணையுங்கள். திரைக்குப் பின்னால் மட்டும் சிறிய வெள்ளை விளக்கு ஒன்று எரியலாம். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், அவசரப்படாமல் உட்காருங்கள். பிறகு ‘கைதி’யைப் போடுங்கள்.