டேங்கின் அழுத்தமும் ஸ்கேனரின் திரையும்

பிழைக் குறியீட்டைப் படித்துச் சொல்லும் கருவிகள் மலிந்துவிட்ட இக்காலத்தில், ஒரு ஸ்கேனரின் தரத்தை நிர்ணயிக்க விரும்புகிறவர், அது எத்தனை கார்களுக்குப் பொருந்தும் என்று விசாரிப்பதைக் காட்டிலும், பெட்ரோல் டேங்கின் அழுத்த சென்சார் அனுப்பும் வோல்டேஜை அந்தந்தக் கணத்திலேயே காட்டுமா என்று விசாரிப்பதே உத்தமம் என்பது, நடுத்தர விலையுள்ள ஒரு ஸ்கேனரை நியூயார்க் மாநிலத்தில் என் பழைய செடானுடன் பல வாரங்கள் உபயோகித்தபின் எனக்கு ஏற்பட்டிருக்கும் திடமான அபிப்பிராயம். திரையின் அளவு, புளூடூத் முதலிய விவரங்கள் பெட்டியின் மேலேயே அச்சாகியிருப்பதால் அவற்றை இங்கே விஸ்தரிக்கவில்லை.

டேங்கில் எழும் பெட்ரோல் ஆவி வெளியே கலவாமல், கரி நிரப்பிய கேனிஸ்டரில் தங்கிப் பின்னர் இன்ஜினுக்குள் எரிந்துபோகும் ஏற்பாட்டில், 0.020 அங்குலம், அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் துவாரம் இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் விதி வந்தது. அவ்வளவு சூக்ஷ்மமான கசிவை அறிய, பல கார்களில் கம்ப்யூட்டர் நம்பியிருப்பது இந்த ஒரு சென்சாரையே. அதன் சிக்னல் மிகவும் தாழ்ந்தால் பி0452 என்றும், மிகவும் உயர்ந்தால் பி0453 என்றும் குறியீடு பதிவாகிறது. ஆனால் சிக்னல் தாழ்ந்தது என்பதற்கும் சென்சார் கெட்டது என்பதற்கும் இடையே மூன்று ஒயர்களும் ஒரு கனெக்டரும் இருக்கின்றன. அவற்றைப் பாராமல் சென்சாரை மாற்றுவதும், அதற்காகச் சில கார்களில் டேங்கையே கீழே இறக்குவதும் வீண் விரயம்.

இந்த ஸ்கேனரின் மகிமை இங்கேதான் பிரத்தியட்சமாகிறது. பெட்ரோல் மூடியைத் திறந்து வைத்து, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால், டேங்கினுள்ளும் வெளியிலும் அழுத்தம் சமமாகிவிடுவதால், காரின் இனத்துக்கேற்ப 1.5 வோல்ட்டோ 2.5 வோல்ட்டோ திரையில் ஸ்திரமாக நிற்க வேண்டும். என் காரில் அது நின்றது; ஆனால் ஒயர்க் கட்டை மெல்ல அசைத்ததும் வரைகோடு செங்குத்தாகப் பூஜ்யத்துக்கு வீழ்ந்து மறுபடியும் எழுந்தது. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தபோது, சாலையில் தூவும் உப்பின் வேலையால், 5 வோல்ட் வரும் பின்னின் மேல் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. சென்சாருக்கு யாதொரு தோஷமும் இல்லை. எண் அசையாமல் பூஜ்யத்திலேயே கிடக்கும் கார்களில், கழற்றிய கனெக்டரில் 5 வோல்ட் பின்னையும் சிக்னல் பின்னையும் ஃபியூஸ் கோத்த ஒயரால் இணைத்துப் பார்க்கலாம்: திரையில் எண் 5-ஐ நெருங்கினால் ஒயரும் கம்ப்யூட்டரும் நிரபராதிகள், சென்சாரையே மாற்ற வேண்டும், நெருங்காவிடில் புதிய சென்சார் வாங்கியும் பிரயோஜனமில்லை.

இத்தனை நேர்த்தியான கருவியில், குறியீட்டை அழிக்கும் பொத்தானை முதல் பக்கத்திலேயே எல்லாவற்றிலும் பெரிதாக வைத்திருப்பது எனக்குப் பெருத்த மனத்தாங்கலைத் தருகிறது. அதை அழுத்தியவுடன் குறியீடு மட்டுமா போகிறது? கோளாறு நேர்ந்த கணத்தில் பதிவான தகவல்களும் போகின்றன. கார் தன்னைத்தானே சோதித்து முடித்த பரீக்ஷைகள் யாவும் முடிவுறாதவையாகிவிடுகின்றன. ஆவிக் கசிவுப் பரீக்ஷையோ, இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருந்து, டேங்க் அதிகம் நிரம்பாமலும் அதிகம் காலியாகாமலும் இருந்தாலன்றி நடைபெறாது. முடிவுறாத பரீக்ஷைகள் ஒன்றுக்கு மேலிருந்தால், 2001-ஆம் ஆண்டு மாடலோ அதற்குப் பிந்தையதோ ஆன கார் இங்கே வருடாந்தரப் புகைச் சோதனையில் தேற முடியாது. இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வாக்கியமாவது திரையில் வந்திருக்க வேண்டும்.

ஒரே சமயத்தில் பல அளவுகளைத் தேர்ந்தெடுத்தால் எண்கள் மாறும் வேகம் குறைந்து, க்ஷணநேர வீழ்ச்சிகள் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகையால் டேங்க் அழுத்தம் ஒன்றை மட்டும் திரையில் வைத்துக்கொள்ள வேண்டும். மலிவான கருவிகளில் பல இந்த அளவையே காட்டாது, காட்டுகிறவற்றிலும் வோல்டேஜ் இராது. ஆகவே வாங்குமுன் உங்கள் காரில் மாட்டிப் பாருங்கள். வோல்ட் கணக்கில் அந்த எண் திரையில் வந்தால், கேட்ட விலையைத் தயங்காமல் கொடுக்கலாம்.