பிரித்தவர் எவர்? இணைத்தவர் எவர்?

வீட்டைப் பிளப்பவர் பெரியவர். பிளவின் சுமையைத் தாங்குபவரோ பிள்ளைகள். இக்கொடுமையைக் கண்ணீர் வடித்துக் காட்டிய படங்கள் பல. சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைத்த படம், 1950இல் ஜெர்மனியில் வெளிவந்த ‘இரட்டை லோட்டே’. எரிக் கெஸ்ட்னர் 1949இல் வெளியிட்ட சிறுவர் நவீனத்துக்கு அவரே திரைக்கதை தீட்டினார். யோசப் ஃபோன் பாக்கி இயக்கினார்.

கோடை விடுமுறை இல்லத்தில் இரு சிறுமியர் சந்திக்கின்றனர். ஒரே முகம், ஒரே பிறந்தநாள்! லூயிசே, வியன்னாவில் இசைவாணரான தந்தையிடம் வளர்ந்தவள். லோட்டே, மூனிக் நகரில் பத்திரிகை அலுவலகத்தில் உழைக்கும் தாயிடம் வளர்ந்தவள். மணவிலக்கின்போது பண்டபாத்திரம்போல் பங்கிடப்பட்ட இரட்டையர்! உடன்பிறந்தாள் ஒருத்தி உண்டு என்பதையும் அவர்களிடம் மறைத்துவிட்டனர் பெற்றோர். பிள்ளைகள் என்ன செய்தனர்? பெயரை மாற்றினர், வீட்டை மாற்றினர். சமையலறை பழகாத லூயிசே அடுப்பின்முன் திணறுகிறாள். நாம் சிரிக்கிறோம்; சிரிப்பு அடங்குமுன் நெஞ்சு குத்துகிறது. உண்மை பேசவேண்டிய பெற்றோர் மறைத்ததாலன்றோ, மழலைகள் வேடம் புனைய நேர்ந்தது!

குழந்தைகளிடம் மணவிலக்கைப் பற்றிப் பேசலாமா என்று கேட்போர் அன்றும் இருந்தனர். கெஸ்ட்னர் பேசினார். 1933இல் பெர்லினில் தம் நூல்கள் தீக்கிரையானதை நேரில் நின்று கண்டவர், உண்மையை மூடிவைப்பதன் விலையை அறியாதவரா?

ஆயினும் குறையொன்று உண்டு. அதைக் கூறாது விடுவது திறனாய்வாகாது. குழந்தை நோயுறுகிறாள்; பெற்றோர் மீண்டும் மணக்கின்றனர்; சுபம்! மணம் முறிந்த காரணமோ, கலைக்கு அமைதி வேண்டுமென்று கணவன் குடும்பத்தினின்று ஒதுங்கியது. ஆணின் இசைக்கு அமைதி வேண்டும், சரி. தனித்து நின்று உழைத்து மகளை வளர்த்த பெண்ணின் வாழ்வுக்கு என்ன வேண்டும்? அதைப் படம் கேட்கவில்லை. 1958 வரை மேற்கு ஜெர்மானியச் சட்டமும், இல்லற விவகாரங்களில் முடிவுசெய்யும் உரிமையைக் கணவனுக்கே வழங்கியிருந்தது. மகளிர் ஊதியம் பெற்றுத் தலைநிமிர்ந்து வாழ்வதைக் காட்டிய துணிவு, இறுதிக் காட்சியில் ஏன் தளர்ந்தது?

இக்கதை 1961இல் ஹாலிவுட் சென்றது. அவ்வழியே 1965இல் தமிழுக்கு வந்து ‘குழந்தையும் தெய்வமும்’ ஆயிற்று. தலைப்பிலே தெய்வம் துணைக்கு வந்தது. மூலக்கதையிலோ பெற்றோரை இணைத்தவை இரு சிறுமியரின் அறிவும் அன்புமே. 

பெரியோர் தவறைத் திருத்தப் பிள்ளைகளுக்கு மதி இருக்கிறது. அந்த மதியிடம் உண்மை பேசப் பெரியோருக்கு நெஞ்சுரம் இருக்கிறதா? படம் எழுப்பும் வினா இதுவே.