பறங்கியரும் நமது மண்வாசனையும்

மட்டக்களப்பின் மண்வாசனை குறித்து நாம் நிறையப் பேசியிருக்கிறோம். வாவியும் பாடும் மீனும், வயலும் வாடியும், கூத்துக் களரியும் நமது எழுத்தில் உரிய இடம் பெற்றுவிட்டன. ஆனால் அதே ஊரில் பட்டறை வைத்து உழைத்த பறங்கித் தச்சனையும் கொல்லனையும் தையற்காரனையும் அங்கே அரிதாகவே சந்திக்கிறோம். சந்திக்கும்போதும் அவர்கள் கல்யாண வீட்டில் வயலின் இசைக்கு ஆடிக் களிக்கும் வேடிக்கை மனிதர்களாகவே தோன்றுகிறார்கள். இது யதார்த்தமாகுமா?

போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி பத்தே ஆண்டு நின்றது. மொழியோ நூற்றாண்டுகளைக் கடந்து, ஐரோப்பிய முன்னோரும் உள்ளூர்க் குடும்பங்களும் கலந்து உருவான உழைப்பாளர் சமூகமொன்றின் வீட்டுமொழியாக நிலைத்தது.

அதனைப் 'பழைய போர்த்துக்கேயத்தின் எச்சம்' என்று வியப்பவர்கள் அதன் இலக்கணத்தை நோக்குவதில்லை. போர்த்துக்கேயத்தில் பெயருக்கு முன்னே நிற்கும் 'பாரா' என்ற சொல், இங்கே 'பா' எனக் குறுகி, நமது 'கு' உருபைப் போலப் பெயருக்குப் பின்னே ஒட்டிக்கொண்டது. வினையும் தமிழைப் போலவே வாக்கியத்தின் இறுதிக்கு வந்துவிட்டது. சொல் அவர்களுடையது, சொற்களை அடுக்கிய முறை நம்முடையது. நாமும் வெறுங்கையுடன் நிற்கவில்லை. குசினி, பாண், துவாய், அலவாங்கு, சப்பாத்து: இவை அனைத்தும் போர்த்துக்கேயச் சொற்களிலிருந்து வந்தவை. அன்றாடம் வழங்கும் இச்சொற்களை அந்நியம் என்று யார் கருதுகிறார்கள்?

உலகெங்கும் இதே கதைதான். சுவிற்சர்லாந்தின் சுரங்கவழிகளிலும் கட்டடங்களிலும் உழைத்தவர்களுள் பெருந்தொகையினர் இத்தாலியர். அந்நியரின் தொகையைக் குறைக்கக் கோரி 1970இல் அங்கு நடந்த வாக்கெடுப்பில், வாக்களித்தோரில் நூற்றுக்கு 46 பேர் அக்கோரிக்கையை ஆதரித்தனர். இத்தாலியரின் உணவை இன்று அதே நாடு கொண்டாடுகிறது. உணவையும் ஆடலையும் ஏற்றுக்கொள்வது எளிது. உழைத்த மனிதனைச் சமமானவனாக ஏற்பதே கடினம். 1983க்குப் பின் அந்நாட்டின் சமையற்கூடங்களிற் பாத்திரம் கழுவிய நம்மவர்கள் இதனை நன்கறிவர். பிள்ளைகள் தாய்மொழியை இழந்துவிடுவார்களோ என்று அவர்கள் அங்கே படும் கவலையை, மட்டக்களப்புப் பறங்கித் தாய் நெடுங்காலத்துக்கு முன்பே நம்மிடையே பட்டிருக்கிறாள். நாம் அதனைச் செவிமடுத்தோமில்லை.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை டச்பார்க் கரையிலிருந்த பறங்கியர் குடியிருப்பை அழித்தது. பலர் மாண்டனர், எஞ்சியோர் இடம்பெயர்ந்தனர். அதற்கு முன்பே பல குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்குச் சென்றுவிட்டன. எஞ்சியுள்ளோரின் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழே பேசுகிறார்கள். அம்மொழியின் ஒலிகளை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அது அவர்களது பணி. வாழ்வைப் பதிவு செய்வது எழுத்தாளனின் பணி. ஒடுக்கப்பட்ட மக்களின் பக்கம் நிற்பதாகக் கூறும் நாம், தொகையிற் சிறியவர்கள் என்பதற்காக அயல்வீட்டு உழைப்பாளியைப் புறக்கணித்தல் தகாது. அந்தத் தச்சன் இழைத்த கதவைத் திறந்துகொண்டே நாம் வாழ்கிறோம். நமது இலக்கியத்தின் கதவும் அவனுக்குத் திறக்க வேண்டும்.