திண்டுக்கல் பிரியாணியும் சுஷியும்: குடும்ப உணவகத்தின் இரு வழிகள்

திண்டுக்கல் தலப்பாக்கட்டி, திண்டுக்கல் நகரில் 1957-ல் நாகசாமி நாயுடு தொடங்கிய பிரியாணிக் கடை. ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல் என்பது அதன் முதற்பெயர். நிறுவனர் எப்போதும் தலைப்பாகை அணிந்திருந்ததால் மக்கள் கடையைத் தலப்பாக்கட்டி என்றனர். அந்த வழக்கே பின்னர் வணிகப்பெயர் ஆயிற்று. குடும்ப உணவகம் ஒன்று வளரும்போது எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது என்பதை ஆராய இக்கடை நல்ல எடுத்துக்காட்டு. ஜப்பானின் சுஷிக் கடைகளோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும்.

அரிசியே அடிப்படை

சுஷி என்றால் பச்சை மீன் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் வினிகர் கலந்த சோறே சுஷி. மீன் அதன் மேல் வைக்கப்படுவது. தேர்ந்த கடைகளில் சோறு உடற்சூட்டுக்கு நெருங்கிய இளஞ்சூட்டில் பரிமாறப்படுகிறது. திண்டுக்கல் பிரியாணியின் அடிப்படையும் அரிசிதான். அதற்கு உரியது சிறுமணி கொண்ட சீரக சம்பா. பாசுமதி நீண்டு தனித்தனியாக நிற்கும். சீரக சம்பா கறிச்சாற்றையும் மசாலாவையும் உள்வாங்கும். ஆகவே இறைச்சி இல்லாத வாயிலும் இறைச்சியின் சுவை இருக்கும். தண்ணீரின் அளவு சற்று மிகுந்தால் மணி குழையும். குறைந்தால் நடுவில் வேகாது. இரு உணவுகளிலும் சமையற்காரரின் கை வெளிப்படுவது சோற்றில்தான்.

தலைமுறைகள்

ஒனோ ஜிரோ (பிறப்பு 1925) டோக்கியோவின் கின்சா பகுதியில் நடத்திவந்த சுகியபாஷி ஜிரோ கடையில் ஏறத்தாழ பத்து இருக்கைகளே உண்டு. மூத்த மகன் அதே கடையில் தந்தையோடு பணிபுரிந்தார். இளைய மகன் ரொப்போங்கியில் தனிக்கடை நடத்துகிறார். 2011-ல் வெளிவந்த ‘ஜிரோ டிரீம்ஸ் ஆஃப் சுஷி’ என்ற ஆவணப்படம் இக்குடும்பத்தைப் பற்றியது. கையின் பயிற்சியே இங்கு சொத்து. அதற்கான விலையும் உண்டு. பொதுமக்கள் முன்பதிவு செய்ய இயலாத கடை என்பதால் 2019-ல் மிச்செலின் வழிகாட்டி இக்கடையைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

தலப்பாக்கட்டி குடும்பம் வேறு வழியில் சென்றது. கடை திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கும் பின்னர் வெளிநாடுகளுக்கும் கிளை பரப்பியது. சிஎக்ஸ் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் அதில் பங்கு பெற்றது. ஒத்த பெயர்களைப் பயன்படுத்திய கடைகள் மீதான வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஒரு மனிதரின் தலைப்பாகையைக் கண்டு ஊர் வைத்த பெயர் சட்டத்தால் காக்கப்படும் உடைமையாகியது.

மதிப்பீடு

கிளை பரப்புதலைச் சீரழிவு என்று எளிதில் ஒதுக்க முடியாது. சுஷியும் எடோ நகரத் தெருக்கடைகளில் விரைவாக உண்ணும் உணவாகவே வளர்ந்தது. 1958-ல் ஷிராய்ஷி யோஷியாக்கி ஒசாகா பகுதியில் சுழல்பட்டைச் சுஷிக் கடையைத் தொடங்கினார். அதன்பின் குறைந்த வருமானம் உள்ளவர்களும் சுஷியை அடிக்கடி உண்ண முடிந்தது.

வேறுபாடு ஒன்று உண்டு. ஜப்பானில் சுழல்பட்டைக் கடையும் சமையற்காரரின் முன் அமர்ந்து உண்ணும் கடையும் வெவ்வேறு வகைகளாக அறியப்படுகின்றன. எதில் என்ன கிடைக்கும் என்பது உண்பவருக்குத் தெரியும். திண்டுக்கல் பிரியாணியில் ஊரின் பெயர், குடும்பத்தின் பெயர், கிளையின் சமையல் மூன்றும் ஒரே பலகையில் எழுதப்படுகின்றன. பல ஊர்க் கிளைகளில் ஒரே சுவை வேண்டுமென்றால் மசாலாவுக்கும் நேரத்துக்கும் நிலையான அளவு தேவை. அளவு தவறைத் தடுக்கும். ஆனால் அன்றைய கறியையும் அரிசியின் பழமையையும் பார்த்துத் தண்ணீரைக் கூட்டிக் குறைக்கும் தீர்ப்பை அது தராது.

ஜிரோவின் வழியில் சுவை நிலைக்கிறது, உண்பவர்கள் குறைகிறார்கள். தலப்பாக்கட்டியின் வழியில் உண்பவர்கள் பெருகுகிறார்கள், சுவைக்கு அளவுகோலாக நிற்க ஒரு மூலக்கடை தேவைப்படுகிறது. திண்டுக்கல் நகரில் வேணு பிரியாணி போன்ற பிற கடைகளும் புகழோடு நடப்பது இதனால் முக்கியமானது. திண்டுக்கல் பிரியாணி என்பது ஒரு நிறுவனத்தின் சரக்கு அல்ல, ஓர் ஊரின் சமையல் என்பதற்கு அவையே சான்று. பெயரை நீதிமன்றம் காக்கலாம். சுவையைக் காப்பது ஒன்றோடொன்று ஒப்பிட்டு உண்ணும் உள்ளூர் மக்களே.