சொல்லும் சுமையும்: இரட்சணிய யாத்திரிகத்தில் அடியார் செலுத்தும் விலை

எச். ஏ. கிருட்டிணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894ஆம் ஆண்டில் நூல்வடிவு பெற்றது. அந்நாள் தொட்டு அதனைப் பற்றி எழுதினோருட் பெரும்பாலோர் இரண்டு செய்திகளையே வலியுறுத்தி வந்துள்ளனர். ஜான் பனியன் என்னும் ஆங்கில ஆசிரியரின் உருவகக் கதைக்கு அது வழிநூல் என்பது ஒன்று. அதன் நடை கம்பர் நடையை அடியொற்றியது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயினும் ‘கிறித்தவக் கம்பர்’ என்னும் பட்டத்தை அளித்துவிட்டு அமைதல் ஆய்வு ஆகாது. ஐந்து பருவங்களாய், 3766 பாடல்களாய் விரியும் இக்காப்பியம், ஒருவன் தன் ஊரையும் சுற்றத்தையும் விட்டு வீட்டுலகம் நோக்கி நடந்த கதையாகும். அந்நடைக்கு உரிய விலை யாது, அதனைச் செலுத்துவார் யார், அவ்விலையைக் கூறுதற்குத் தமிழ்ப் புலவர்க்கு வாய்த்த சொற்கள் எவை என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

முதனூலாசிரியர் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். பனியன் ஓட்டைக் கலங்களுக்கு ஈயம் பூசிப் பிழைத்த குடியிற் பிறந்தவர், பெரும்படிப்பு அற்றவர். அரசின் இசைவு இன்றிப் பொதுமக்களிடையே சமய உரை நிகழ்த்தினார் என்பதற்காக 1660இல் சிறைப்பட்டு 1672 வரை அங்கிருந்தார். இனிப் பேசேன் என்று ஒரு வாக்குறுதி அளித்திருப்பின் முன்னரே விடுதலை பெற்றிருப்பார்; அதனை அளிக்க அவர் இசைந்திலர். ஆகவே, 1678இல் வெளிவந்த அவருடைய நூலில், பொய்க்கரி கூறுவார் சொற்களால் ஒரு நல்லோன் கொலைத்தண்டம் பெறும் வழக்குமன்றக் காட்சி வெறுங் கற்பனையன்று. வாயளவில் சமயம் பேசித் திரியும் வம்பன் ஒருவனையும் அவர் அந்நூலிற் படைத்துள்ளார். சொல்லுக்காகச் சிறையிருந்தவர்க்கே சொல் எத்துணை மலிவானது என்பதும் தெரிந்திருந்தது.

கிருட்டிணபிள்ளையின் நிலை இதனின் வேறு. 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில், வைணவ வேளாளர் குடியில், தமிழ் பயின்ற தந்தைக்கு மகனாய்ப் பிறந்தவர் அவர். கம்பராமாயணம் அவர் கற்ற நூல் மட்டுமன்று; அவர் வீட்டின் காற்றே அதுவாகும். 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியப் பணி ஏற்றார். 1858இல் பிறந்த ஊரினின்று நெடுந்தொலைவாகிய சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். சுற்றத்தார் அதனை எவ்வாறு ஏற்றிருப்பர் என்பதை அக்கால நெல்லைச் சீமையை அறிந்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. பனியன் சொல்லைக் காத்தற்பொருட்டு உடலைச் சிறையிலிட்டார். கிருட்டிணபிள்ளையோ தம் சொற்செல்வம் முழுவதையும் ஈட்டித் தந்த சமயத்தையே விட்டு வெளியேறியவர். வெளியேறுவான் எதனை உடன் கொண்டு செல்லலாம், எதனை வாயிலிலேயே வைத்துவிட்டுச் செல்லவேண்டும் என்பது அவர்க்கு இலக்கியச் சிக்கலாக மட்டும் அமைந்திராது.

‘சீடத்துவத்தின் விலை’ என்னும் தொடர் இக்காலத்துக் கிறித்தவத் தமிழில் பெருவழக்கிற்று. செர்மானியச் சமய அறிஞர் டீட்ரிக் போன்ஹோபர் 1937இல் எழுதிய நூல், 1948இல் ஆங்கிலத்தில் வந்தபோது பெற்ற தலைப்பின் நிழல் இது. மூலத்தின் தலைப்போ ‘பின்செல்லுதல்’ என்னும் ஒரு சொல்லே. விலை என்பதனைச் சேர்த்தவர் மொழிபெயர்த்தோர். அவ்வாசிரியரை இட்லர் ஆட்சி 1945 ஏப்ரலில் தூக்கிலிட்டமையால், சேர்த்த சொல்லும் பொருந்துவதாயிற்று. இதனை ஈண்டுக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. ‘சீடன்’ என்னும் சொல் தமிழில் கல்வியையே முதற்கண் நினைவூட்டும். குருவின்பாற் கற்பவன் சீடன். அவன் கொடுப்பது காணிக்கையாகலாம், பணிவிடையாகலாம், உயிர் அன்று. உயிர்வரை கொடுப்பவர்க்குத் தமிழில் வேறு பெயர் உண்டு. அது ‘அடியார்’ என்பது. கண்ணை அகழ்ந்து கொடுத்தவரும் பெற்ற மகவை அரிந்து கொடுத்தவரும் சேக்கிழார் காவியத்தில் அப்பெயராலேயே வழங்கப்படுகின்றனர். ஆகவே விலை கொடுத்தல் என்பது மிஷனரிமார் கப்பலிற் கொண்டுவந்து இறக்கிய புதுக்கருத்து என்பார் தமிழ்ப் பத்தி இலக்கியத்தைப் படியாதவர்.

அங்ஙனமாயின் காப்பியத்தின் புதுமை யாது? கொடுப்பவர் மாறியதே புதுமை. பெரியபுராணத்தில் கேட்பவன் இறைவன், கொடுப்பவர் அடியார். கிருட்டிணபிள்ளை இம்முறையைத் தலைகீழாக்குகின்றார். அதனைச் செய்தற்கு அவர் முதனூலின் கட்டுக்கோப்பையே உடைக்க நேர்ந்தது. பனியன் கதையில் வழிப்போக்கன் சிலுவையைக் காண்பது சிற்சில வரிகளில் முடிந்துவிடும். முதுகின் சுமை அவிழ்ந்து உருண்டு கல்லறையுள் வீழும். அவன் மகிழ்ந்து மேற்செல்வான். தமிழ்க் காப்பியமோ குமார பருவத்து இரட்சணிய சரிதப் படலத்தில் நடையை நிறுத்திவிட்டு, இயேசு பட்ட பாடுகளை முழுமையாக எடுத்துரைக்கின்றது. கதையோட்டம் தடைப்படுகின்றது என்று குறை கூறுவார் கூறலாம். எம் கருத்தில், காப்பியத்தின் உயிர்நிலை அத்தடையிலேதான் உள்ளது. யாத்திரிகன் சுமை இழந்தான் என்பது போதாது. அச்சுமையை ஏற்றவர்க்கு நேர்ந்தது யாது என்பதைக் காட்டினாலன்றித் தமிழ் நெஞ்சம் அமைதி கொள்ளாது என்று புலவர் கருதினார் போலும்.

அப்படலத்தில் சொற்கள் செய்யும் வேலை கூர்ந்து நோக்கத்தக்கது. பிணிக்கப்பட்ட இயேசு தளர்ந்து நிற்கின்றார். அவரை நிறுத்தி வைத்தது கயிறு என்று எண்ணவேண்டா, பகைத்த மாந்தர்மேலும் அவர் கொண்ட நேசமே அவிழ்க்கவியலாத கட்டாயிற்று என்கின்றார் புலவர். அவ்விடத்தில் கயிற்றுக்கு அவர் ஆளும் சொல் ‘பாசம்’ என்பதாகும். கயிறு என்பதும் பாசம்; தாய் மகன்மேல் வைப்பதும் பாசம்; சைவ சித்தாந்தி அறுக்க விழையும் தளையும் பாசம். ஒரு சொல்லின் மூன்று பொருளும் ஒருங்கே படிப்பார் மனத்தில் எழ, அவற்றுள் ஒன்றை விலக்கி மற்றொன்றை ஏற்றுகின்றார். ஆன்மா வீடுபெற வேண்டி அறுக்கத்தக்க கட்டினை, ஆன்மாவின் வீட்டுக்காக இறைமகன் விரும்பி ஏற்கின்றான். இதனை ஆங்கிலத்தில் எழுதியிருப்பின் இவ்வளவு பொருளும் ஒரு சொல்லில் அடங்கியிராது. முதனூலுக்குத் தமிழ் கொடுத்த கொடை இது.

அடுத்து வருவது வசைமொழி. அடித்தலும் முள்முடி சூட்டலும் பின்னிற்க, இகழ்ந்தோர் கூறிய சொற்கள் நெருப்பெனச் சுட்டமையைப் புலவர் அழுத்தமாகக் கூறுகின்றார். தீயினும் நாவே ஆறாத வடு செய்யும் என்னும் கருத்து வள்ளுவர் அடக்கமுடைமையிற் கூறியதேயாம். ஆனால் வள்ளுவர் பேசுவானுக்கு அறிவுரை கூறினார், கிருட்டிணபிள்ளை கேட்டு நிற்பானைக் காட்டுகின்றார். கேட்டு நிற்பவர் மறுமொழி கூறுகின்றிலர். ஈண்டுப் புலவர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. கம்பனைக் கற்ற கைக்குப் பேசுகின்ற தலைவனைப் படைத்தல் எளிது; அவை நடுவே வாதிடும் வீரனையும் படைத்துவிடலாம். பேசாத் தலைவனை வைத்துக் காப்பியம் நடத்துவது எங்ஙனம்? அவர் கண்ட வழி, அம்மௌனத்தைச் சுற்றி நின்றாரைப் பேசவைத்தல். இக்கொடுமை கண்டும் நிலம் பிளந்திலதே, வானம் இடிந்து வீழ்ந்திலதே, கடல் வறண்டிலதே என அவர்கள் அரற்றுகின்றனர். இத்தகைய புலம்பல் தமிழ்க் காப்பியங்களிற் பழகிய உத்திதான். பழகிய உத்தி இவ்விடத்தில் சலிப்புத் தரவில்லை. நடுவில் நிற்பவர் வாய் திறவாமையால் வெளியே எழும் ஒவ்வொரு சொல்லும் அம்மௌனத்தை மேலும் ஆழமாக்குகின்றது.

இனிச் சுமையைக் காண்போம். வைணவத்தில் ‘பரசமர்ப்பணம்’ என்றொரு சொல் உண்டு. ‘பரந்நியாசம்’ என்றும் கூறுவர். தன்னைக் காத்துக்கொள்ளும் பாரத்தை இறைவன்பால் வைத்துவிடுதல் என்பது அதன் பொருள். பனியன் கதையில் உருண்டு வீழும் மூட்டையைப் படித்த கிருட்டிணபிள்ளைக்கு அது அயலாகத் தோன்றியிராது என்று கொள்ளலாம். இவ்வொற்றுமையைக் கண்டு, அவர் பழஞ்சமயத்தையே புதுப்பெயரிற் பாடினார் என்பாரும் உளர். அது பொருந்தாது. சரணாகதியில் பாரத்தை ஏற்கும் பெருமானுக்கு அது நோவு தருவதில்லை. எல்லாம் வல்லானுக்குச் சிறு துரும்பே அது. இக்காப்பியத்தில் ஏற்றவர் குருதி சிந்துகின்றார். மேலும், சுமை நீங்கியவன் வெறுந்தோளனாய் நடப்பதுமில்லை. அவனும் தன் சிலுவையை எடுத்துக்கொண்டு பின்செல்ல வேண்டும் என்பதே கிறித்தவ நெறியின் விதி.

இக்கருத்தின் கடுமையை எமக்கு உணர்த்தியது நூலகமன்று. பழனிமலைச் சாரலில் பேத்துப்பாறை என்னும் சிற்றூரில், தோட்டங்களிலிருந்து மூட்டை சுமந்து இறக்கும் மக்கள் சிலரிடையே ஒரு விடுமுறையின்போது இக்கதையை எளிய உரைநடையில் கூறினேன். சுமை அவிழ்ந்து வீழ்ந்த இடத்தில் முதியவர் ஒருவர் இடைமறித்து, “சுமை உருண்டு போச்சுன்னா கூலி யாருங்க ஐயா குடுப்பாங்க?” என்று வினவினார். அனைவரும் நகைத்தனர். வினா நகைத்தற்குரியதன்று. உருண்ட சுமைக்கு ஒருவர் விலை கொடுத்தேயாக வேண்டும் என்பதைச் சுமந்து பழகிய தலை அறிந்திருந்தது. இரட்சணிய சரிதப் படலம் விடையிறுக்க முயல்வது இவ்வினாவுக்கேயன்றிப் பிறிதொன்றற்கன்று.

அம்மலை பிறிதொன்றையும் நினைவுறுத்துகின்றது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர் கோடைக்கானலில் முதல் வீடுகளை அமைத்தனர். சமவெளியின் காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்தம் குடும்பங்களை வாட்டியமை அதற்குக் காரணம். அதனைக் குறை கூற யாம் முன்வரோம். எனினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வண்டிச்சாலை அமையும்வரை அவர்கள் மலையேறியது நாற்காலியிலும் டோலியிலும். தூக்கியவை தமிழ்க் கூலியாட்களின் தோள்கள். தன் சிலுவையைத் தானே சுமக்கவேண்டும் என்று உரைக்கும் நூலைக் கையில் வைத்திருந்தோரை மற்றொருவர் சுமந்தனர். சொல்லின் ஆற்றலைப் பற்றி எழுதுவோர் சொல்லுக்கும் தோளுக்கும் இடையேயுள்ள இத்தொலைவையும் அளந்தே எழுதுதல் வேண்டும்.

தமிழ்நாட்டு வழியோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் உண்டு. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர். வழிநடப்போன் பிறர் உதவியின்றித் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறுவான். கருவுற்ற நிலையில், பிள்ளையைப் பெறாமலே இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நடுவது மரபு. தன் சுமையை இறக்காமலே மடிந்தவள் பொருட்டு எழுந்த கல், எவரெவர் சுமையையோ தாங்குகின்றது. சிலுவைக்கு இதனின் நெருங்கிய உவமையைத் தமிழ்நிலம் தருமோ என்பது ஐயமே.

நூலின் குறையையும் கூறுதல் கடன். தலைப்பின் இரு சொற்களும் வடசொற்களே. உள்ளும் அவை மலிந்து கிடக்கின்றன. பாளையங்கோட்டையில் வெளிவந்த ‘நற்போதகம்’ என்னும் திங்களிதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்தமையாலோ என்னவோ, பல இடங்களில் ஒரு திங்களுக்கு வேண்டிய அளவை நிரப்பும் வருணனைகளைக் காண்கின்றோம். பனியனின் உரைநடை உழவனும் தொழிலாளியும் வீட்டில் வைத்துப் படிக்கத்தக்கது. காப்பியமோ புலவர்க்கு உரியதாயிற்று. விலை கொடுத்து நடப்பவன் கதை, விலையுயர்ந்த மொழியில் எழுதப்பட்டமையால், மூட்டை சுமப்பவன் செவிக்கு எட்டாது போயிற்று. இடையிடையே அமைந்த தேவாரங்கள் மட்டும் அவ்வேலியைக் கடந்தன. அவற்றில் புலமை தன்னை மறந்து நிற்கின்றது.

இறுதியாக ஆசிரியர் பெயர். திருமுழுக்கில் அவர் ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர்களைப் பெற்றார். ஆயினும் கிருட்டிணன் என்னும் பெயரை நீக்கினாரல்லர். இயேசுவைப் பாடிய பெருங்காப்பியத்தின் முகப்பில் அது நிற்கின்றது. அதனைப் பெருந்தன்மை எனப் போற்றுவார் போற்றுக. அதனையடுத்துப் ‘பிள்ளை’ என்பதும் நிற்கின்றது. கடவுளின் பெயரையும் குலத்தின் பட்டத்தையும் ஒருங்கே வைத்துக்கொண்டவர் எதனை அன்பினால் வைத்துக்கொண்டார், எதனை விடமாட்டாமையால் வைத்துக்கொண்டார் என்பது, நெல்லைத் திருச்சபையில் சாதி பெற்றிருந்த இடத்தை ஆராய்வோர் காப்பியத்தோடு சேர்த்துப் படிக்கவேண்டிய வினாவாகும்.