புட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஆன்டிபாடி சுரக்கும் ஹைப்ரிடோமா செல்களைக் கன்றுக்கரு சீரம் இல்லாமல் வளர்ப்பதுதான் இப்போது ஆய்வகங்களில் நாகரிகம். அண்மையில் ஒரு பயிற்சிப் பட்டறையில் பேச்சாளர் சீரத்துக்குப் பதிலாகச் சேர்க்கும் ஒரு சப்ளிமெண்ட் புட்டியைத் தூக்கிக் காட்டி, "இனி மீடியத்தில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும்" என்றார். வாங்கிப் பார்த்தேன். பெயர், லாட் எண், காலாவதித் தேதி, குளிரில் வைக்கச் சொல்லும் குறிப்பு. உள்ளே இருப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சீரத்துக்கு நான் வக்கீல் இல்லை. பத்து சதவீதம் சேர்த்தால் மில்லிலிட்டருக்கு மூன்று, நான்கு மில்லிகிராம் மாட்டுப் புரதம் வந்துவிடும். நாம் தேடும் ஆன்டிபாடியோ மைக்ரோகிராம் கணக்கு. புரோட்டீன் ஜி கொண்டு பிரித்தால் மாட்டின் ஐ.ஜி.ஜி.யும் சேர்ந்தே ஒட்டும். லாட்டுக்கு லாட் குணம் மாறும். வெட்டிய பசுவின் வயிற்றுக் கன்றை நினைத்தால் மனசும் கேட்காது. எல்லாம் சரி.

போதாக்குறைக்கு ஆஸ்திரியாவின் பி.ஏ.ஏ. நிறுவன விவகாரம். அதன் கன்றுக்கரு சீரத்தில் பெரிய மாட்டின் ஆல்புமினும் தண்ணீரும் வளர்ச்சி ஊக்கிகளும் கலந்திருந்ததை, அந்த நிறுவனத்தை வாங்கிய ஜி.இ. ஹெல்த்கேர் 2013-ல் வெளியிட்டது. 143 பேட்ச், சுமார் 2,80,000 லிட்டர். சீரத்தைக் கைவிட இதையே காரணமாகச் சொல்கிறார்கள். லேபிளில் சொல்லாததைக் கலந்ததுதானே அங்கே குற்றம்? அதே காரியத்துக்கு சப்ளிமெண்டில் வியாபார ரகசியம் என்று பெயர்.

என் பழைய சண்டை இதுதான். இந்தத் துறை இப்படித் தொடங்கவில்லை. கோலரும் மில்ஸ்டைனும் 1975-ல் ஹைப்ரிடோமா முறையைக் காப்புரிமை இல்லாமல் உலகத்துக்கு விட்டார்கள். 1982-ல் முரகாமியும் கோர்டன் சாட்டோவும் மற்றவர்களும் சீரம் இல்லா மீடியத்தின் கூட்டை அச்சிலேயே வைத்தார்கள்: இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், எத்தனோலமைன், செலினியம். எத்தனோலமைன் இல்லாவிட்டால் செல் வளராது என்பதுதான் அவர்களுடைய கண்டுபிடிப்பு. தராசு இருக்கும் எந்த ஆய்வகமும் இதை நிறுத்துக் கலக்கலாம். இன்று அதை மறந்துவிட்டுக் கேட்லாக் புரட்டுகிறோம்.

பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பதுபோல, சப்ளிமெண்டைச் சேர்த்துச் சீரத்தைப் பத்து சதவீதத்திலிருந்து ஐந்து, இரண்டரை, ஒன்று என்று இறக்கிக்கொண்டே வந்தேன் ஒருமுறை. ஒன்றுக்கு வந்ததும் செல்கள் சாகத் தொடங்கின. ஹைப்ரிடோமா உண்டாக்கப் பயன்படும் என்.எஸ்.0 செல் வரிசை கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்ளாது. அது குறைந்ததா, இரும்பா, கலக்கும் வேகத்தைத் தாங்க வைக்கும் புளூரானிக்கா? சப்ளிமெண்ட் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். தங்களுடைய இன்னொரு தயாரிப்பை வாங்கிப் பார்க்கச் சொன்னார்கள்.

எங்கள் மீனவ ஊரான இனயம் கரைக்கு ஜப்பான் வள்ள எஞ்சின் வந்தபோது பெட்ரோலில் எடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கொஞ்ச காலத்தில் கரைப் பையன்களே அதைக் கழற்றி, உப்பு தின்ற பாகத்தை மாற்றி, வள்ளத்தைக் கடலுக்கு அனுப்பினார்கள். வெளிநாட்டுச் சரக்கு என்பதல்ல என் புகார். இந்தப் புட்டியைக் கழற்ற முடியாது.

அதனால் என்ன நஷ்டம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: இறாலின் வெள்ளைப்புள்ளி வைரஸுக்கு மங்களூரு மீன்வளக் கல்லூரியில் மோனோகுளோனல் ஆன்டிபாடிகள் உருவாக்கி 2002-ல் வெளியிட்டார்கள். பண்ணைக்கரைக்குப் போகவேண்டிய இப்படிப்பட்ட வேலைக்கு ஒரே செல் வரிசை பல பத்தாண்டு உழைக்க வேண்டும். நைட்ரஜன் தொட்டியில் செல் காத்திருக்கும். புட்டியின் கேட்லாக் எண் காத்திருக்குமா? கிப்கோ என்ற பிராண்டின் புட்டி இன்விட்ரோஜனுக்குப் போய், லைஃப் டெக்னாலஜீஸுக்குப் போய், இப்போது தெர்மோ ஃபிஷர் கையில். நாளைக்குப் புது முதலாளி கூட்டை மாற்றினால் நமக்கு எப்படித் தெரியும்?

ஆராய்ச்சிச் செலவை நிறுவனம் எப்படி எடுக்கும் என்று கேட்பார்கள். காப்புரிமை எதற்கு இருக்கிறது? அதில் கூட்டை எழுதித் தந்தாக வேண்டும், அதுதான் தயக்கம். ஸ்டெம் செல்காரர்கள் 2011-லேயே எட்டுப் பொருளில் ஒரு மீடியத்தை வெளிப்படையாக எழுதி வைத்துவிட்டார்கள். நம்மவர் கட்டுரைகளில் செய்முறைப் பகுதியில் ஒரு வணிகப் பெயரும் "தயாரிப்பாளர் குறிப்பின்படி" என்ற சொல்லும் போதும். அந்த வரி கண்ணில் பட்டதும் நான் கட்டுரையை மூடிவிடுகிறேன். மீதிப் பக்கங்களில் நல்ல வேலை இருந்திருக்கலாம். இருக்கட்டும்.